எட்டுத் திருகாணி

இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும்
ஒரே நாளில் மூச்சை விடும்.
ஜூலை முதல் தேதி மொன்ட்ரியாலில்
வீடுகளெல்லாம் தெருவில் நிற்கும்.
மெத்தைகள் நடைபாதை மரங்களில் சாய்ந்து
தங்கள் கறைகளை ஊருக்குக் காட்டும்.

நான் கிளம்பும் முன்பே வந்துவிட்டார்
என் வீட்டின் அடுத்த ஆள்.
வில்நேர் என்று பெயராம்.
கீழே வெயிலில் தன் சோபாவைப் போட்டு
மனைவியோடும் தூங்கும் குழந்தையோடும் உட்கார்ந்திருக்கிறார்.
"அவசரமில்லை" என்கிறார்
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அவசரமில்லைதான்.
ஃபிரிட்ஜ் மட்டும்
வெளிப்புறச் சுழல்படியின் இரண்டாம் திருப்பத்தில்
மேலும் போகாமல் கீழும் வராமல்
திரிசங்குவாய்த் தொங்குகிறது.
கீழ்ப்படியில் என் தங்கை கணவன் ரெஜான்.
மேலே, ஒரு பெட்டி பீருக்கு இசைந்து வந்த அவன் சிநேகிதன்.
"இடது!" என்று இவன் கத்துகிறான்.
"யாருடைய இடது?" என்று அவன் கத்துகிறான்.
உள்ளே ஏதோ உருண்டு
கடகடத்து
நிற்கிறது.
கடுகு விழுது பாட்டில், மூடி சரியில்லாதது.
எடுக்க மறந்தது நான்தான்.
இப்போது வாய் திறப்பதாயில்லை.

பெட்டிகளின் மேல் பெயர் எழுதச் சொல்லியிருந்தேன்
பதினொரு வயது எலோயிடம்.
எழுதியிருக்கிறான்:
"சமையல்."
"சமையல் மாதிரி."
"அம்மா தேடி அழப்போகும் சாமான்."
"கனமில்லை, ஆனால் எரிச்சல்."
"அப்பாவுடையது. கேட்டால் கொடுக்கலாம்."

அந்தக் கடைசிப் பெட்டியை
யாரையும் தொடவிடாமல் நானே இறக்கினேன்.
கனமில்லை,
ஆனால்.

புது வீட்டு வாசலில் போய் நின்றால்
அங்கே இருந்தவர் இன்னும் காலி செய்யவில்லை.
தெலெஸ்ஃபோர், பியானோ சுருதி சேர்ப்பவர்.
அவர் போகவேண்டிய வீட்டில் ஒரு மாணவி இருக்கிறாளாம்.
அவள் போகவேண்டிய வீட்டில் வேறு யாரோ.
இப்படியே பிடித்துக்கொண்டு போனால்
எங்கோ ஒரு வீட்டில் ஒரே ஒருவர்
எழுந்தே ஆகவேண்டும்.
அவர் இன்னும் டேப்பின் நுனியை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார் போல.
அந்த நுனி கிடைக்கட்டும் என்று
நகரமே நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறது.

இரவு பத்து மணிக்கு உள்ளே வந்தோம்.
கட்டிலின் பலகைகள் வந்துவிட்டன.
எட்டுத் திருகாணிகள் வரவில்லை.
பத்திரமாக இருக்கட்டும் என்று
ஒரு சின்னப் பையில் போட்டு
பையைப் பத்திரமான இடத்தில் வைத்தேன்.
பத்திரமான இடம் என்பது
வைத்தவளுக்கும் தெரியாத இடம்.

கத்தரிக்கோல், கத்தரிக்கோல் இருக்கும் பெட்டிக்குள்.
சாவியால் ஒன்றைக் கீறித் திறந்தேன்.
பனிக்காலத்து பூட்ஸ்,
எல்லாம் இடது கால்.
இன்னொன்றின் டேப்போ
மஞ்சளாய்ப் பழுத்திருந்தது.
ஏழு வருடமாக மூன்று வீடு பார்த்தும்
வெளிச்சம் பார்க்காத பெட்டி.
மேலே என் கையெழுத்தில்:
"உடனே திறக்கவும்."
சுவரோரம் தள்ளி
அதன் மேல் விளக்கை வைத்தேன்.
நல்ல உயரம்.

எலோய் குளிர்கோட்டுகளின் குவியலில் தூங்கிப்போனான்.
போன் அடித்தது.
எனக்குக் கடிதம் வந்தால் சொல்லுங்கள் என்று
வில்நேருக்கு எண் கொடுத்திருந்தேன்.
கடிதமில்லை.
"குளியலறைக் கண்ணாடியின் பின்னால் ஒரு பை இருந்தது.
எட்டுத் திருகாணி.
மன்னிக்கவேண்டும்,
எங்கள் கட்டிலில் பொருத்திப் பார்த்துவிட்டோம்.
சேரவில்லை."

"உங்களுடையது கிடைக்கவில்லையா?"

"பழைய வீட்டில்தான் இருக்கும்.
அங்கே வந்தவரைக் கூப்பிட்டேன்.
அவரும் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம்
சிரிக்கலாமா என்று யோசித்தோம்.
அந்தப் பக்கம் குழந்தை அழுதது. வைத்துவிட்டார்.

பசித்தது.
ஃபிரிட்ஜைத் திறந்தேன்.
ஆமாம், கடுகு.
மேல்தட்டிலிருந்து கீழ்வரை.
துணி எந்தப் பெட்டியில் என்று
தெரிந்தால்தானே துடைக்க.
விரலால் தொட்டு நக்கிக்கொண்டு
கதவை மூடினேன்.