இரண்டு மெய்கள்

கேஸிமிர் காஸ்ப்ர்ஸாக்.
அந்தப் பெயரை முதன்முதலில் மையில் எழுதியவள் நான்.
ஸ், ப், ர் என மூன்று மெய்கள்
உயிரில்லாமல் அடுத்தடுத்துக் கிடக்கும்.
"பிணவறை மாதிரி இருக்கிறதே" என்றேன்.
"தொழிலுக்குப் பொருத்தம்தான்" என்றான்.

பஃபலோவிலிருந்து வந்தவன்.
அப்பா எஃகு ஆலை, அண்ணன் எஃகு ஆலை,
இவனுக்கு மட்டும் ஒரு தட்டச்சு இயந்திரம்.
மன்ஹாட்டனில் ஏழாவது மாடி, ஓடாத லிஃப்ட்,
பக்கத்துக்கு ஒன்பது டாலர்.
அவன் எழுதுவான்,
பிலடெல்பியாவில் யாரோ வரைவார்,
நான் குமிழிக்குள் எழுத்துப் போடுவேன்.
மூவரும் ஒரே அறையில் நின்றது ஒரே ஒருமுறை,
பதிப்பாளர் திவாலான அன்று.

அவனுடைய பிணங்கள் வாயாடிகள்.
குழியிலிருந்து எழும்போதே
முப்பத்தெட்டு வார்த்தை பேசும்.
குமிழி பெருத்து நிலாவை மறைக்கும்,
கல்லறையை மறைக்கும்,
ஓடுகிறவளின் ஒரு காலையும் மறைக்கும்.
பென்சிலால் எண்ணி ஓரத்தில் குறித்து அனுப்பினேன்:
செத்தவனுக்கு ஏன் இவ்வளவு மூச்சு?

அடுத்த இதழில் இருபத்தொன்று.
அதற்கடுத்து பன்னிரண்டு.
அறுபத்தாறாம் ஆண்டுக் குளிரில்
கிணற்றை எட்டிப் பார்க்கும் சிறுமியின் கதை வந்தது.
எட்டுப் பக்கத்துக்கும் ஒரே சொல்: "யார்?"
அதையும் எறும்பளவில்தான் எழுதினேன்.
எட்டுப் பக்கக் கூலியை வாங்கும்போது
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஓசைகளுக்குத்தான் சண்டை.
கதவு திறப்பதை ஒரே மாதிரி
இருமுறை எழுதமாட்டான்.
நள்ளிரவில் தொலைபேசியில் கூப்பிட்டு
வாயாலேயே செய்து காட்டுவான்:
"கிறீ... இல்லை பிலோமினா, இது மரம்,
இரும்பு வேறு, கேள், க்ர்ர்ரீச்ச்."
என் கணவர் போர்வைக்குள்ளிருந்து
"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்பார்.

பிறகு கலிஃபோர்னியா.
பர்பேங்கில் மோட்டல் அறை,
கதவு ஒன்று திறக்காத கார்.
பதினொரு திரைக்கதை எழுதியதில் நான்கு படமாயின.
ஒன்றில் பூதம் ரப்பர்;
பாலைவன வெயிலில் அக்குள் உருகிவிட்டதாம்.
ஒன்றில் அவன் எழுதியதில் மிஞ்சியது
நாயின் பெயர் மட்டும்.
ஒன்றுக்குக் காசோலை திரும்பி வந்தது.
அஞ்சலட்டையில் எழுதியிருந்தான்:
"இங்கே ஓசைக்கென்று தனி ஆள்.
'கதவு திறக்கிறது' என்றால் போதுமாம்.
வாய் நமநமவென்று இருக்கிறது."

நான்காவதை குவீன்ஸில் பார்த்தேன்.
செவ்வாய், பகல் காட்சி,
என்னோடு சேர்த்து ஆறு பேர்.
அந்தக் கிணறு வந்தது.
சிறுமி எட்டிப் பார்த்தாள்.
"யார்?" இல்லை.
இசையும் இல்லை.
தண்ணீரில் அவள் முகம் இருந்தது.
அவள் கண் சிமிட்டினாள்,
அது
கொஞ்சம் தாமதித்துச் சிமிட்டியது.

முன்வரிசையில் சோளப்பொரி மெல்லும் சத்தம் நின்றது.
அப்பாடா கேஸ்,
முப்பத்தெட்டிலிருந்து சுழியத்துக்கு இறங்க
உனக்குப் பதினாறு வருடம்.

பெயர்கள் ஓடும்போதே விளக்கைப் போட்டுவிட்டார்கள்.
ஒருவன் துடைப்பத்தோடு வந்து நின்றான்.
நான் எழவில்லை.
திரைக்கதை: கே. காஸ்பாக்.

இரண்டு மெய்களைக் காணோம்.
அத்தனை பேர் சாகும் படத்தில்
அதைத் தேட ஒருவரும் இல்லை.

அன்றிரவு அவனே கூப்பிட்டான்.
"பெயரில்..." என்று தொடங்கினேன்.
"தெரியும். பயந்தாயா?"
பதில் சொல்ல வாய் வரவில்லை.
அவன் மறுமுனையில் எண்ணிக்கொண்டிருந்தான் போல,
நல்ல நேரம் கழித்து
"சரி" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் அவனுக்கு ஒரு தபால் போட்டேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
உறைமேல் மட்டும்
நல்ல பேனாவில், கறுப்பு மையில்,
அவன் முழுப் பெயர்,
ஒரு மெய் குறையாமல்.