இணைப்பு இரண்டு

பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான்.
குத்தாயிசி, பல்கலைக்கழக நிர்வாக அலுவலகம்,
மூன்றாம் மாடி, கதவை ஒட்டிய மேசை.
இணைப்பு இரண்டு: அகற்றப்பட வேண்டிய மரங்கள்.
லிண்டன் பதினொன்று
வால்நட் நான்கு
சைப்ரஸ் எட்டு
ஆக மொத்தம் இருபத்து மூன்று.

கூட்டல் சரி.
நின்றவை இருபத்து நான்கு.

இயற்பியல் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த புல்வெளிக்கு
வரைபடத்தில் பெயரில்லை,
காலி மனை என்று போட்டிருந்தார்கள்.
ஒருநாளும் அது காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.
தேர்வில் தோற்றவர்கள் அழ
சுவரோரம் ஓர் இடம் இருந்தது,
மற்றவர்கள் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள்.
பேச்சுவார்த்தை அற்றுப்போன இரண்டு பேராசிரியர்கள்
தினமும் சதுரங்கம் ஆடினார்கள்,
'செக்' என்றுகூடச் சொல்லாமல்.
காதில் நகராட்சியின் மஞ்சள் வில்லையோடு ஒரு நாய்,
பெயர் ரெக்டர்.
அசல் ரெக்டருக்கும் இது தெரியும்.
இருவருமே மதியத்துக்கு மேல்தான் வருவார்கள்.

கோணலாக ஒரு டிகெமாலி பிளம் இருந்தது.
நட்டவர் யாருமில்லை,
யாரோ துப்பிய கொட்டை.
ஏப்ரல் கடைசியில் காய்க்கும், பச்சைப் பசேலென்று.
அது பழுத்து நான் கண்டதில்லை.
பழுக்கவிட்டால்தானே.
மூன்று மாடி ஏறி வந்து உப்புக் கேட்பாள்
பார்பரே, புவியியல், இரண்டாம் ஆண்டு.
அவளுக்காகவே என் இழுப்பறையில் ஒரு டப்பா.
கடித்ததும் பல் கூசும்,
ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும்,
மூடிய கண்ணோடே இன்னொன்றை எடுப்போம்.

அறுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகளோடு மனு வந்தது.
துளையிட்டு, நாடா கட்டி,
அதையும் நானே கோப்பில் சேர்த்தேன்.
கோப்பு கனத்தது, அவ்வளவுதான்.

மார்ச்சில் ஜும்பேர் ரம்பத்தோடு வந்தான்.
மூன்றே நாளில் இருபத்து மூன்று.
பிளம்முக்கு முன்னால் வந்து நின்று
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
'தாளில் இல்லாததைத் தொட மாட்டேன்,
போன வருஷம் ஒரு மரத்துக்கு
அபராதம் கட்டியவன் நான்' என்றான்.
மண்தோண்டி அதைச் சுற்றிச் சுற்றிப் போனது.
சேற்றின் நடுவே ஒரு மேடு,
மேட்டின் மேல் அது.
ஐந்தாம் நாள் பூத்துவிட்டது.
மொத்த மரமும், ஒரே இரவில்,
வெட்கமே இல்லாமல்.

எட்டாம் நாள் கட்டுமானப் பிரிவு மல்காஸ் வந்தார்,
காலணியில் வெள்ளை இதழ்கள் ஒட்டியிருந்தன.
'தவறா?'
'தவறுதான், ஐயா.'
பத்தொன்பது வருடத்தில் ஒரு கால்புள்ளி விடாதவள் நான்.
அது அவருக்கும் தெரியும்.
ஜன்னலைப் பார்த்தார்.
தொண்டையைச் செருமினார்.
'திருத்தம் போட்டுவிடுங்கள்.'

மறுத்தேன் என்று எழுத ஆசைதான்.
வரிசை எண் 24. பிளம். ஒன்று.
அச்செடுத்து முத்திரை குத்தியது வரை
நான்கு நிமிடம் ஆகவில்லை.
விட்டது வேண்டுமென்றா, கை தவறியா
என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன்.
ஒரு நாள் ஒரு பதில் வருகிறது.

இப்போது அங்கே ஆறு மாடிக் கண்ணாடி.
வெயில் அதில் பட்டு என் மேசைவரை வருகிறது,
முன்பு வராத வெயில்.
பேராசிரியர்களில் ஒருவர் ஓய்வு பெற்றார்,
மற்றவர் அவர் வீட்டு முகவரி கேட்டு வந்தார்,
கொடுத்தேன்.
ரெக்டர் தானியங்கிக் கதவின் முன்னே படுத்துக்கொள்கிறது.
கதவு திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது,
காவலாளி கத்துகிறான்.

பார்பரே போன வாரம் வந்தாள்,
மதிப்பெண் சான்றிதழின் நகலுக்கு.
இரண்டு பிரதி, ஆறு லாரி.
சில்லறைக்காக இழுப்பறையைத் திறந்தேன்.
டப்பாவில் உப்பு கட்டி தட்டிக் கிடந்தது.
அவள் பார்த்தாள்.
இருவருக்கும் ஒரே நேரத்தில்
வாயில் நீர் ஊறியது.
விழுங்கிக்கொண்டு
ரசீதில் தேதி போட்டேன்.