இரண்டாவது இரண்டு நிமிடம்

பகலெல்லாம் மஞ்சக்குப்பத்தில்
நெஞ்சைத் தகட்டோடு ஒட்டச் சொல்லி
மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க
என்று சொல்லிச் சொல்லியே
சம்பளம் வாங்குகிறவள் நான்.
ராத்திரியில் அதையே
உப்பனாற்றிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆறு கேட்காது.
அதனால் அமாவாசை வத்தம் பார்த்து வந்தேன்.
தண்ணீர் இறங்கினால் படகுகள் சேற்றில் உட்காரும்.
உட்கார்ந்த படகுதான்
இரண்டு நிமிடம் ஆடாமல் முகம் காட்டும்.
மிதக்கிற படகு, இருமுகிற நோயாளி மாதிரி
விலா எலும்பெல்லாம் கலங்கி விழும்.

ட்ரைபாடின் கால்களைச் சேறு மெல்ல விழுங்கியது.
வீட்டில் தரை போட்டு மிஞ்சிய டைல்ஸ் துண்டுகள் மூன்றை
அடியில் கொடுத்தேன்.
நடுவில் மணல் பை.
காற்றில் படபடக்கும் என்று கழுத்துப் பட்டையைக் கழற்றினேன்.
எதிர்க்கரை ஐஸ் கம்பெனி பல்பைத்
திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி
அது ஊசிமுனையாகும் வரைக்கும்
லென்ஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி
மேலே ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டினேன்.

அப்போதுதான் வந்தாள் அஞ்சலாட்சி,
நெற்றியில் விளக்கு, இடுப்பில் நண்டுக்கூடை.
"அக்கா, ரெண்டு நிமிஷம் அந்த லைட்டை..."
"நண்டு ரெண்டு நிமிஷம் நிக்குமா?"
ஆனாலும் நின்றாள்.
விளக்கை உள்ளங்கையால் பொத்தினாள்.
சிவந்த விரல்களுக்குள்
எலும்பு தெரிகிறதா என்று என் கண் தானாகத் தேடியது.

ரிமோட்டை அழுத்தினேன்.
யாரும் சொல்லாமலே மூச்சைப் பிடித்தேன்.
சிப்காட் பக்கத்து ஆரஞ்சு வானம்
சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது.
நூற்றிருபது விநாடி.

முடிந்ததென்று அவள் கையை எடுத்தாள்.
முடியவில்லை.
இந்தக் கேமராவுக்கு ஒரு பழக்கம்.
தன் சூட்டில் முளைத்த பொய்ப்புள்ளிகளைக் கழிப்பதற்காக
கண்ணை மூடிக்கொண்டு
அதே அளவு நேரம் வெறும் இருட்டை எடுக்கும்.
அதுவரை எதைத் தொட்டாலும் 'பிஸி'.

அந்த இரண்டாவது இரண்டு நிமிடத்தில்
கரண்ட் போனது.

துறைமுகம், ஐஸ் கம்பெனி, முதுநகர் முழுக்க,
கோயில் சீரியல் செட் வரைக்கும்.
ஒரு நாய் குரைப்பைப் பாதியில் நிறுத்தியது.
மேலே,
ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும்
லீவு போட்டு பஸ் ஏறி நான் தேடிப்போனது
எங்கள் ஊர்ச் சேற்றுக்கு மேலேயே கிடந்தது
நெத்திலி காயப்போட்ட மாதிரி, கால் வைக்க இடமில்லாமல்.

சுவிட்சை அணைத்திருக்கலாம்.
அணைத்தால் எடுத்த படம் போய்விடும்.
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
அஞ்சலாட்சிக்குக் கணக்கில்லை.
நெற்றி விளக்கையும் அணைத்துவிட்டு
"அடி ஆத்தா" என்றாள்,
கூடை சாய்ந்தது தெரியாமல்.

ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமின.
கரண்ட் வந்தது.
அதற்குப் பிறகு படம் வந்தது.

கத்தி மாதிரி படம்.
கயிற்றில் முடிச்சை எண்ணலாம்,
படகின் பதிவெண்ணைப் படிக்கலாம்.
ஒரு குருணை இல்லை.
வானம், கழுவிக் கவிழ்த்த தாம்பாளம்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
எட்டிப் பார்த்தாள்.
"படகு நல்லா விழுந்திருக்கு.
அது எங்க?"

டைல்ஸ் துண்டுகளைச் சேற்றிலிருந்து பிடுங்கினேன்.
இரண்டுதான் கிடைத்தன.
தப்பிய நண்டு ஒன்று
என் செருப்பின் மேல் ஏறி இறங்கிப் போனது.
ஏத்தம் தொடங்கியிருந்தது.
கடைசிப் படகு முதலில் அசைந்தது.