பதினேழு அங்குலம்

ஓவசியர் என்றுதான் ஊர் அவரைக் கூப்பிட்டது.
கட்டடத்தை யோசிக்கிறவனுக்கு
அந்த நாளில் இங்கே வேறு பெயர் இருக்கவில்லை.
கதிரித்தம்பி வினாசித்தம்பி.
ஈப்போ ரயில் கந்தோரில் ஒன்பது வருடம்
பிறர் போட்ட கோடுகளைப் பிரதி எடுத்தவர்.
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொன்றில்
காங்கேசன்துறையில் இறங்கியபோது
பெட்டியில் ஒரு வரைபலகை, மூன்று பேனை,
வயிற்றில் ஆறாத புண்.

எனக்கு அவரை அளவுகளால் மட்டுமே தெரியும்.
லேசர் கருவி ஒன்றும் படிவம் ஒன்றும் தந்து
கல்வித் திணைக்களம் என்னை அனுப்பியிருக்கிறது:
இடிக்கலாம், இடிக்கத் தேவையில்லை,
பொருந்தாததை வெட்டிவிடுக.

அராலியில் ஒழுங்கை முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம்.
சுண்ணக்கல் சுவர், இருபது அங்குலக் கனம்.
சோளகம் வந்து போக மேற்கே தாழ்ந்த யன்னல்கள்.
வாடைக்கு முதுகு காட்டி ஒரு முழுச் சுவர்.
காற்றின் குணம் தெரிந்த கை.
கூரை மட்டும் அவருடையதில்லை.
முதலில் தீ, பிறகு புயல், பிறகு ஷெல்.

உள்ளே மூன்று சுவரையும் சுற்றி
சுவரே மடங்கி உட்கார்ந்ததுபோல
ஒரு சீமெந்து வாங்கு.

முகாமையாளர் கேட்டது வேறு. கடிதம் இருக்கிறது:
'முன்னுக்கு மரவாங்கு பன்னிரண்டு.
பின்னுக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு நிலம் போதும்.'
மரவாங்கை நகர்த்தலாம். எண்ணலாம்.
போதாது என்று சொல்லலாம்.
வினாசித்தம்பி பதில் போடவில்லை.
முகாமையாளர் கதிர்காமம் போன ஆடியில்
நாலு பீப்பா சீமெந்து இறக்கினார்.
திரும்பி வந்தவர் பிரம்பால் தட்டிப் பார்த்தாராம்.
இறுகியிருந்தது.

அதன் பிறகுதான் பதில், ஒரே வரி:
'தரையில் ஈரம் ஊறும், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும்.'
நீதி என்ற சொல்லைத் தேடினேன்.
ஈரம் என்றுதான் இருக்கிறது.

ஐப்பசியில் கூரை எரிந்தது.
யாரென்று ஊருக்குத் தெரியும், பொலிசுக்குத் தெரியாது.
கிடுகு போயிற்று, பனஞ்சிலாகை போயிற்று.
சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு
மறுநாள் பிள்ளைகள் வாங்கில் இருந்தார்கள்,
மேலே மழைமேகம்.
அடுத்த படத்தில் ஓட்டுக் கூரை வரைந்திருக்கிறார்.
ஓட்டுக் காசு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லை.

இதோடு நிறுத்தினால்
நல்ல மனிதர் ஒருவர் கிடைப்பார்.

ஆனால் கொக்குவிலில் அவர் தனக்குக் கட்டிய வீட்டின் படமும்
அதே கட்டில்தான் கிடந்தது.
அதே பேனை, அதே சாய்ந்த எழுத்து.
முன்வாசல் ஏழடி.
பின்வேலியில் மூன்றடிப் படலை, பக்கத்தில் 'வேலையாட்கள்'.
கிணற்றைச் சுற்றி இடுப்பளவு மதில்,
யாரைத் தடுக்க என்று எழுதவில்லை,
எழுதத் தேவையும் இருக்கவில்லை.
கணக்குப் புத்தகத்தில்
பித்தளைப் பேணி ஒரு டசின், ரூபாய் நாலரை.
மேசன் சின்னானுக்கும் மக்கள் இருவருக்கும்
பன்னிரண்டு நாட் கூலி, வாங்கு ஊற்றியதற்கு.
அவர்கள் தண்ணீர் குடித்தது சிரட்டையில்.
சிரட்டைக்கு விலையில்லை,
ஆகவே கணக்கில் இல்லை.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து
ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்தேன்.
எந்தக் கோட்டிலும் கை நடுங்கவில்லை.

இன்று திரும்ப வந்து வாங்கை அளந்தேன்.
அடிக்கு அடி பதினேழு அங்குலம்.
முன்னுக்கும் பதினேழு, பின்னுக்கும் பதினேழு.
வடகிழக்கு மூலையில் மட்டும் கால் அங்குலம் குறைவு.
நிலம் இறங்கியதா, இருந்து இருந்து தேய்ந்ததா,
அன்றைக்குச் சாந்து போதாமல் விட்டதா?
தெரியவில்லை என்று எழுதப்
படிவத்தில் கட்டமில்லை.

அந்த மூலையில் கொஞ்சம் இருந்து பார்த்தேன்.
முழங்கால் நெஞ்சுக்கு வந்தது.
இடைவேளை முடிந்து மணி அடிக்க
மூச்சு வாங்க ஓடிவந்த பெடியன் ஒருத்தன்
என் முன்னால் நின்றான்.
'அக்கா, அது என்ர இடம்.'

எழும்பினேன்.