உப்பளவு

குட்டி தேர்ந்தெடுக்கத்தான் போனோம்.
ஹில்லெகியன் எங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.
சோபா தோலா, துணியா என்பதுதான் முதல் கேள்வி.
ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீடு பூட்டியிருக்கும்.
வேலி எவ்வளவு உயரம்.
ஆறடி என்றார் ரூலோஃப், கொஞ்சம் பெருமையாக.
உங்களுக்கு அது வேலி,
இதுகளுக்கு வாசற்படி என்றாள்.

ஒன்பது குட்டிகள்.
எட்டும் என் காலணிக் கயிற்றுக்கு அடித்துக்கொண்டன.
ஒன்பதாவது
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்து
நாங்கள் எப்போது கிளம்புவோம் என்று
பார்த்துக்கொண்டிருந்தது.
அது என்றேன்.
அதற்கு உன்னைப் பிடிக்காது,
ஒரு வருடம் போனால் பொறுத்துக்கொள்ளும் என்றாள்.
பரவாயில்லை,
ரூலோஃபின் அக்காவுக்கு ஏழு வருடம் ஆனது.

ரோக் என்று பெயர் வைத்தோம்.
ட்ரெந்தேயில் புகையை அப்படித்தான் சொல்வோம்.
பிடிக்கப் போனால் இருக்காது,
விட்டுவிட்டால் எல்லா அறையிலும் இருக்கும்.

தின்றவை:
கார் இருக்கைப் பட்டை இரண்டு,
செங்கல் தெரியும்வரை சமையலறைச் சுவர்,
ரூலோஃபின் இடதுகால் பூட்ஸ்கள். இடது மட்டும்.
ஃப்ரிட்ஜைத் திறக்கக் கற்றுக்கொண்டது.
சைக்கிள் பூட்டுப் போட்டோம்.
ஒரு ராத்திரி சாவி கிடைக்காமல்
நானும் ரூலோஃபும் பிஸ்கட் தின்று படுத்தோம்.

பயந்தவை: குடை, பலூன், தொப்பி வைத்த எந்த ஆணும்,
நான் வேலை பார்க்கும் பாலத்தின் மணி.
படகு வந்தால் மணியடித்துத்தான் பாலத்தைத் தூக்க வேண்டும்.
அடிக்குமுன் என் மேலங்கியை
அதன் தலையில் போர்த்துவேன்.
அதுவரை கால்வாய் காத்திருக்கும்.
கோடையில் ஒரு ஜெர்மன்காரர் புகார் எழுதினார்.

ஓநாயா என்று கேட்பார்கள், சைக்கிளை விட்டு இறங்காமல்.
உப்பளவு என்பேன்.
நாக்குக்குத் தெரிவது உப்புதானே என்றார் ஒருமுறை
ரொட்டிக்கடைக்காரர்.

வேலியை எட்டடியாக்க
பக்கத்துப் பண்ணை யான்னஸ்தான் கம்பம் பிடித்தார்.
முடிந்ததும் எங்கள் ஏணியை எடுத்துப் போனார், இரவலாக.

அந்த நவம்பரில் நிஜமானது வந்தது.
மூடுபனி விலகியபோது
யான்னஸின் வயலில் நான்கு ஆடுகள்,
இரண்டுக்கு இன்னும் உயிர் இருந்தது.
அவர் கத்தவில்லை.
ஏணியைக் கொண்டுவந்து
எங்கள் சுவரில் சாத்திவிட்டுப் போனார்.
இருபது வருடத்தில் அவர்
எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

மாகாண அலுவலகத்திலிருந்து வந்த பெண்
ஆட்டின் தொண்டையிலிருந்து பஞ்சில் எச்சில் எடுத்தாள்.
ரோக்கின் கன்னத்திலிருந்தும் எடுத்தாள்.
மூன்று வாரம் ஆகும் என்றாள்.
மூன்று வாரமும் கடைத்தெருவில் எல்லோரும்
என்னிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

இதை ரூலோஃபிடம்கூடச் சொல்லவில்லை:
முதல் இரவே டார்ச் அடித்து
அதன் பல்லிடுக்கில் கம்பளி இருக்கிறதா என்று தேடினேன்.
முனகக்கூட இல்லை.
இன்னும் கொஞ்சம் அகலமாக
வாயைத் திறந்துகொடுத்தது.

பிறகொரு நாள், இரண்டு மணி இருக்கும்,
புதர்க்காட்டுப் பக்கமிருந்து ஊளை.
ஒன்று. இடைவெளி விட்டு இன்னொன்று.
ரோக் எழுந்தது. காது இரண்டும் அந்தப் பக்கம்.
பதில் சொல்லும் என்று மூச்சைப் பிடித்திருந்தேன்.
சொல்ல வேண்டும் என்றும்
எனக்குள் ஏதோ கேட்டது.

அது நேராகப் போய்
சலவை இயந்திரத்துக்குப் பின்னால் நுழைந்தது.
பாதி உடம்புக்குத்தான் இடம்,
மீதி வெளியே நடுங்கியது.
ஈரத்தரையில் உட்கார்ந்து
அந்த மீதியில் கை வைத்திருந்தேன்,
ஊளை நிற்கும்வரை,
நின்ற பிறகும்.

கடிதம் வந்தது. பெண் ஓநாய், கிழக்கிலிருந்து.
யான்னஸுக்கும் ஒரு நகல்.

சனிக்கிழமை அவர் வந்தார்.
ஏணி வேண்டுமாம், கூரை ஒழுகுகிறதாம்.
கேட்டைத் திறக்குமுன்
தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.
வழுக்கையில் தூறல் விழுந்தது.

ரோக் இரண்டடி பின்னால் போனது.
மூன்றாவது அடி வைக்கவில்லை.