ஐந்து புள்ளி இரண்டு

ஜெல்லி காயுமுன் கேட்டார்
திருவாரூர் டாக்டர் மெஹருன்னிசா:
"எத்தனை வருஷமா அந்த மாத்திரை?"

ஒன்பது.
மூன்றாவது வேண்டாமென்று தொடங்கியது.

கல்லீரலில் கட்டி,
ஐந்து புள்ளி இரண்டு சென்டிமீட்டர்.
எம்.ஆர்.ஐ.யும் அதையே சொன்னது.
புற்று இல்லை.
உடைந்தால் மட்டும் உள்ளுக்குள் ரத்தம்.
"மாத்திரையை நிறுத்து. ஆறு மாதம் பார்ப்போம்."

தையில் சொன்னது.
ஓடம்போக்கி வற்றி, மணலாகி,
ஆடியில் குப்பையும் நுரையுமாகத் திரும்பியது.
அதுவரை
நாற்றுக்கட்டு தூக்கவில்லை.
பஸ்ஸில் யார் இடித்தாலும்
கை முதலில் வலது விலாவுக்குப் போகும்.
ராத்திரியில் நடுவே ஒரு தலையணை.

இன்று நான்கு புள்ளி ஒன்று.
"கிடக்கட்டும். கத்தி வேண்டாம். அடுத்த தை வா."

வெளியே பெஞ்சில் குணசீலன்.
சட்டைப்பையில் மடித்த சீட்டு,
அவர் பெயரில்:
குடும்பநல ஆபரேஷன், வியாழக்கிழமை.

"வலிக்குமாமா?" என்றார்.
சிரித்துவிட்டேன்,
விலாவைப் பிடிக்காமல்.