இடதுகை முடிச்சு

நீர் வடிந்தால் சீலோயேயின் எங்கள் குடாவில்
அரைக் கிலோமீட்டர் சேறு தெரியும்.
சிப்பி பொறுக்கும் கூடைகளை அந்த ஞாயிறு
வேறு வேலைக்கு எடுத்துப் போனோம்.

யெசெனியா டீச்சர் தேவாலய முற்றத்தில்
சுண்ணாம்பால் கோடு கிழித்திருந்தாள்:
வாலிலிருந்து வாய்வரை இருபத்து நாலு மீட்டர்.
"திமிங்கிலம் முழுசாக வேணும்.
குப்பைக்கா பஞ்சம் நம்ம ஊரில்?"

பஞ்சமில்லை.
சால்மன் பண்ணையின் நீலக் கயிறு,
சிப்பிப் பண்ணையின் கறுப்பு மிதவை,
எடுத்தால் பொரியாய் உதிரும் தெர்மாகோல்,
தீவனச் சாக்கு, ஒரு கழிப்பறை இருக்கை
(அதற்கு மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை).
ஆரஞ்சுக் கையுறைகள் நானூற்றுப் பதினொன்று.
எண்ணியவன் அமாரோ, எட்டு வயது.
"முக்கால்வாசி வலதுகை, அத்தை" என்றான்.
வேலை செய்யும் கை முதலில் கிழியும்,
கிழிந்தது கடலுக்குப் போகும்.
அவற்றை அடுக்கி நாக்குத் தைத்தோம்.

எனக்குக் கயிறு அலசும் வேலை.
இரவில் ஆலையில் மீன்முள் பிடுங்கும் அதே விரல்களால்
பகலில் நைலானிலிருந்து பாசி பிடுங்கினேன்.
மூன்றாம் நாள் மழையில்
ஒரு முடிச்சு என் கையில் வந்து நின்றது.
எல்லோரும் வலமாகச் சுற்றும் இடத்தில்
அது இடமாகச் சுற்றியிருந்தது.
நுனியை உள்ளே மடித்து
மறுபடி ஒரு சுற்று, தேவையே இல்லாத ஒன்று.

என் வீட்டுத் துணிக்கொடியில் அந்த முடிச்சு உண்டு.
ஆட்டுக்குட்டியின் கழுத்தில் உண்டு.
மகள் பிறந்த வாரம் தொட்டிலை
உத்தரத்தில் தொங்கவிட்டதும் அதுதான்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்கள்.
ஆள் இல்லை, சாட்சி இல்லை,
கை மட்டும் அகப்பட்டது எனக்கு.

லிசார்தோ பண்ணைக்காகப் பதினோரு வருஷம் முங்கினான்.
கூண்டு மாற்றும் நாளில் பழைய கயிற்றை
அறுத்துவிடச் சொல்வார்களாம் மேலே நிற்பவர்கள்.
படகில் இடமில்லை, நேரமில்லை.
அறுத்துவிட்டான்.
அந்தக் கூலியில்தான் கூரைக்குத் தகரம் போட்டோம்,
அதன் கீழே நனையாமல் தூங்கினேன்,
நன்றாகவே தூங்கினேன்.

எர்மிந்தா எட்டிப் பார்த்தாள்.
"அவிழலையா? கத்தி தரவா?"
"வேண்டாம், இது கழுத்துக்கு ஆகும்."
தாடைக்குக் கீழே, நீல இழைகளுக்கு நடுவே,
தேடினால் மட்டும் தெரிகிற மாதிரி கட்டினேன்.

திறப்பு நாளன்று சாரல்.
பண்ணைக் கம்பெனி தன் பெயர் எழுதிய பலகை ஒன்றை
அனுப்பி வைத்திருந்தது.
எங்கே மாட்டுவது என்று டீச்சர் யாரையும் கேட்கவில்லை.
மறுநாள் பார்த்தோம், திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் கிடந்தது,
சாக்குகளோடும் அந்த இருக்கையோடும்.

பிள்ளைகள் வாய்க்குள் நுழைந்து
விலா வழியே வெளியே விழுந்தார்கள்.
லிசார்தோ எல்லோருக்கும் கடைசியில் வந்தான்.
தொப்பியைக் கழற்றாமல் ஒரு சுற்று நடந்தான்.
தாடைக்குக் கீழே நின்றான்.
நான் உருளைக்கிழங்கு ரொட்டித் தட்டைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்,
அதாவது அவனை.

இடதுகை மேலே போனது.
முடிச்சைத் தொட்டது.
பிறகு, பழக்கம் விடுமா,
தாங்குகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தது.

தாங்கியது.
இருபத்து நாலு மீட்டரும்
லேசாக ஒருமுறை அசைந்தது.